குளிர்காலத்தில் மாந்தோன்: குடும்பத்தோடு ஒரு நாள் போய்வர முழுமையான வழிகாட்டி

பிரான்ஸின் தென்கிழக்கு மூலையில், இத்தாலி எல்லையை ஒட்டி இருக்கிறது மாந்தோன். மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறும் மஞ்சள், காவி, ரோஜா நிற வீடுகள், அவற்றுக்கு மேல் ஒரு தேவாலயக் கோபுரம், கீழே கடல் என்று இந்த ஊரின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். பெரும்பாலானோர் ஜூலை, ஆகஸ்டில் போய் வெயிலிலும் நெரிசலிலும் மாட்டிக்கொள்கிறார்கள். குழந்தைகளையும் வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நவம்பர் கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள்.

கூட்டம் குறைவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இந்த ஊர் வளர்ந்ததே குளிர்காலத்துக்காகத்தான். 1848 வரை மாந்தோன் மொனாக்கோவின் கையில் இருந்தது. பிறகு பிரிந்துபோய், 1861இல் பிரான்ஸுடன் சேர்ந்தது. இழப்பீடாக மொனாக்கோவின் இளவரசருக்கு பிரான்ஸ் கொடுத்தது 40 லட்சம் ஃபிராங்க். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1859இல், ஜேம்ஸ் ஹென்றி பென்னட் என்ற ஆங்கிலேய மருத்துவர் காசநோயோடு இங்கே வந்தார். உடம்பு தேறியது. இந்த ஊரின் குளிர்காலத்தைப் புகழ்ந்து அவர் எழுத, இங்கிலாந்து, ரஷ்யா, ஜெர்மனி என்று எல்லா இடத்துப் பணக்காரர்களும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை இங்கே வந்து தங்க ஆரம்பித்தார்கள். 1882இல் விக்டோரியா மகாராணியே வந்தார். அந்தக் காலத்தில் கோடைதான் ஆளில்லாத பருவம்.

அவர்கள் வந்ததற்குக் காரணமான வானிலை இன்றும் அப்படியே இருக்கிறது. ஊருக்குப் பின்னால் 1,000 மீட்டரைத் தாண்டும் மலைகள் வடக்குக் காற்றை மறித்து நிற்கின்றன. ஜனவரி பகலில் 12, 13 டிகிரி சாதாரணம். வெயில் அடிக்கும் சுவரோரமாக உட்கார்ந்தால் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுப்பது

பயணம் நன்றாக அமைவதும் சொதப்புவதும் பாதிக்கு மேல் இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அக்டோபரும் நவம்பர் முதல் பாதியும் இந்தக் கடற்கரையின் மழைக்காலம். தூறல் மழை இல்லை. சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்து, ரயில் பாதைகூட நின்றுபோகும் அளவுக்குப் பெய்யும். பிரெஞ்சு வானிலைத் துறை ஆரஞ்சு எச்சரிக்கை விட்டிருந்தால் யோசிக்காமல் நாளை மாற்றுங்கள்.

நவம்பர் கடைசி முதல் ஜனவரி முடிய நல்ல காலம். ஒரே குறை, பல உணவகங்கள் இந்த மாதங்களில்தான் வருடாந்திர விடுமுறை எடுத்துக்கொள்ளும். ஒரு கடையை மனதில் வைத்துக்கொண்டு போகாமல், இரண்டு மூன்று இடங்களைப் பார்த்து வையுங்கள்.

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை எலுமிச்சைத் திருவிழா. 1934 முதல் நடக்கிறது. சுமார் 140 டன் எலுமிச்சையையும் ஆரஞ்சையும் ரப்பர் வளையம் போட்டு ஒவ்வொன்றாகக் கட்டி, யானை, கோட்டை, டிராகன் என்று பிரம்மாண்டமான உருவங்கள் செய்வார்கள். குழந்தைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இரண்டு மூன்று வாரம் ஊர் சீசன் காலத்தைவிட மோசமாக நிரம்பி வழியும். ஊர்வலம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. திருவிழாவைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் வாரநாள் காலையில் போங்கள். தோட்டத்தில் வைத்திருக்கும் உருவங்களை நிதானமாகப் பார்க்கலாம். இன்னொரு விஷயம், அந்த உருவங்களில் இருக்கும் பழங்களில் பெரும்பகுதி ஸ்பெயினிலிருந்து வருகிறது. உள்ளூர் எலுமிச்சையின் விளைச்சல் கொஞ்சம், விலை அதிகம். அதைப் பொம்மை மேல் கட்ட யாருக்கும் மனசு வராது.

கிழமையையும் பாருங்கள். படி 7இல் வரும் வால் ராமே தாவரத் தோட்டத்துக்குச் செவ்வாய் விடுமுறை. திங்களன்று சின்னக் கடைகள் பல மூடியிருக்கும். வெள்ளியன்று எல்லைக்கு அந்தப் பக்கம் இத்தாலியின் வெந்திமிலியாவில் பெரிய சந்தை கூடும் என்பதால், பிரான்ஸிலிருந்து பை தூக்கிக்கொண்டு போகிறவர்களால் காலை ரயில்கள் பிதுங்கும். ஆக, புதன் அல்லது வியாழன். பள்ளி விடுமுறை காரணமாக அது முடியாதென்றால் சனிக்கிழமை.

படி 2: நீஸிலிருந்து ரயில்

தங்குவது பக்கத்துப் பெரிய நகரமான நீஸிலேயே இருக்கட்டும். நீஸ் வில் நிலையத்திலிருந்து டி.இ.ஆர் எனப்படும் பிராந்திய ரயில் ஏறினால் ஏறக்குறைய 40 நிமிடத்தில் மாந்தோன். பகலில் அரை மணிக்கு ஒன்றாவது இருக்கும். முன்பதிவு தேவையில்லை, இருக்கை எண்ணும் கிடையாது. டிக்கெட்டை எஸ்.என்.சி.எஃப் என்ற பிரெஞ்சு ரயில் நிறுவனத்தின் செயலியில் வாங்கினால் குழப்பமில்லை. இயந்திரத்தில் காகித டிக்கெட் வாங்கினால், முத்திரை போடவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள்; எழுதியிருந்தால் நடைமேடைக்குப் போகும் முன் மஞ்சள் நிறப் பெட்டியில் செருகி முத்திரை போட மறக்காதீர்கள். அப்படிப் போடாத டிக்கெட்டுக்குப் பரிசோதகர் அபராதம் போடுவார், சுற்றுலாப் பயணி என்று கெஞ்சினாலும் பெரிதாகப் பயனிருக்காது.

போகும்போது வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். கடல் அந்தப் பக்கம்தான். வில்ஃப்ராஞ்ச் விரிகுடா, போலியூ, ஏஸ் என்று ஒவ்வொரு சுரங்கத்தை விட்டு வெளியே வரும்போதும் ஒரு கடல் துண்டு தெரிந்து மறையும். மொனாக்கோ நிலையம் மலைக்கு உள்ளே இருப்பதால் அங்கே எதுவும் தெரியாது. குழந்தைகளிடம் "எத்தனை சுரங்கம்?" என்று எண்ணச் சொல்லிவிட்டால் 40 நிமிடமும் நீங்கள் நிம்மதியாக உட்காரலாம்.

பேருந்தும் உண்டு. கடலோரச் சாலையில் போகும், அழகும் அதிகம். ஆனால் ஒன்றரை மணி நேரம் ஆகும். வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் வேண்டாம். கார் எடுத்துப் போனால் பார்க்கிங் தேடியே காலை ஓடிவிடும்.

முதல் நாள் இரவே ரயில் வேலைநிறுத்தம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரான்ஸில் இது மழை பார்ப்பதைப் போன்ற அன்றாட வேலை.

எல்லோருடைய அசல் பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். எல்லை ஊர் என்பதால் ரயிலிலும் நிலையத்திலும் போலீஸ் சோதனை சகஜம், குறிப்பாக இத்தாலியிலிருந்து வரும் ரயில்களில். ஃபோனில் இருக்கும் ஃபோட்டோவைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

படி 3: பையில் என்ன

வெயிலில் 15 டிகிரி மாதிரி இருக்கும் தெரு, நிழலுக்குள் நுழைந்ததும் 8 டிகிரி மாதிரி ஆகிவிடும். ஒரே தடித்த கோட்டைவிட, கழற்றி மாட்ட வசதியாக இரண்டு மூன்று அடுக்கு உடைகள் மேல். காலுக்கு நன்றாகப் பிடிக்கும் ஷூ. பழைய ஊரின் படிகள் கூழாங்கல் பதித்தவை, ஈரமானால் வழுக்கும். கைக்குழந்தை இருந்தால் தள்ளுவண்டியோடு குழந்தையைக் கட்டிக்கொள்ளும் பையும் வேண்டும். கடற்கரையில் தள்ளுவண்டி ஓடும், படிக்கட்டில் அது பாரம். குழந்தைகளுக்கு ஒரு ஜோடி மாற்றுத் துணி. கடலில் குளிக்கமாட்டார்கள், ஆனால் முழங்கால் வரைக்கும் எப்படியும் நனைத்துக்கொள்வார்கள்.

படி 4: காலை, வெயில் இருக்கும்போதே

மாந்தோனின் அந்தப் பிரபலமான வண்ண முகப்பு கிழக்கைப் பார்த்தது. காலையில்தான் அதன் மேல் வெயில் நேராக விழும். மதியத்துக்கு மேல் போனால் சூரியன் உங்கள் கண்ணில் அடிக்கும், வீடுகள் நிழலில் மங்கிக் கிடக்கும். அதனால் ஒன்பதரைக்குள் ஊரில் இறங்கிவிடுங்கள்.

நிலையத்திலிருந்து இறக்கத்தில் நடந்தால் பியோவெஸ் தோட்டம் வரும். திருவிழாக் காலத்தில் எலுமிச்சை உருவங்கள் நிற்பது இங்கேதான். மற்ற நாட்களில் பனைகளும் பூப்பாத்திகளும். அதை நீளவாக்கில் கடந்தால் கசினோ, அதற்குப் பின்னால் கடல். மொத்தம் பத்து நிமிட நடை. இடப்பக்கம் திரும்பிக் கடலோரமாகவே போங்கள்.

வழியில் அல் என்கிற மூடிய சந்தை. 1898இல் கட்டியது, முகப்பில் வண்ணப் பீங்கான் ஓடுகள். காலையில் மட்டும்தான் உயிரோடு இருக்கும், மதியம் ஒரு மணிக்கு மேல் எல்லாம் மூட்டை கட்டிவிடுவார்கள். இங்கே அவசரப்படாதீர்கள். குளிர்காலத்தில் தட்டு நிறைய உள்ளூர் எலுமிச்சை வைத்திருப்பார்கள், காம்போடும் இலையோடும். நாம் பழகிய உருண்டைச் சிறு எலுமிச்சை இல்லை இது. நீள்வட்டம், கையை நிறைக்கும் பருமன், பளிச்சென்ற மஞ்சள். நகத்தால் தோலை லேசாகக் கீறி முகர்ந்து பாருங்கள், வாசனை விரலை விட்டுப் போகாது. தோலில் கசப்பு கிடையாது என்பதால் மெல்லிய வில்லையாக அரிந்து, உப்போ சர்க்கரையோ தூவித் தோலோடு தின்னலாம். 2015இல் இதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. பலகையில் 'சித்ரோன் த மாந்தோன்' என்று ஊர்ப்பெயர் போட்டு, குறியீட்டு முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இலை ஒட்டியிருப்பது மட்டும் போதாது. ஏவாள் ஏதேன் தோட்டத்திலிருந்து ஒரு எலுமிச்சையை ஒளித்துக் கொண்டுவந்து இந்தக் கரையில் புதைத்தாள் என்று உள்ளூரில் ஒரு கதை சொல்வார்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல நன்றாக இருக்கும்.

தெருவோர மரங்களில் தொங்கும் ஆரஞ்சைப் பறித்துத் தின்ன விடாதீர்கள். கசப்பு ஆரஞ்சு அது, மார்மலேடுக்குத்தான் ஆகும்.

சந்தையைத் தாண்டினால் கடலுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு சின்னக் கோட்டை, பாஸ்தியோன். 17ஆம் நூற்றாண்டுக் காவல் கோட்டை. ழான் கொக்தோ என்ற கலைஞர் அதைத் தன் அருங்காட்சியகமாக மாற்றினார். பிள்ளைகளுக்குள் ஓவியப் பைத்தியம் யாராவது இருந்தால் உள்ளே போங்கள், இல்லையென்றால் வெளியிலிருந்து பார்த்தாலே போதும். எதிரிலிருக்கும் பெரிய வெள்ளைக் கட்டட அருங்காட்சியகத்தை மட்டும் திட்டத்தில் சேர்க்காதீர்கள். 2018 அக்டோபர் புயலில் கடல் உள்ளே புகுந்து அதை மூடவைத்துவிட்டது.

கோட்டைக்கு அடுத்துத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர். அதன் மேல் நடந்து பாதி தூரம் போய்த் திரும்பிப் பாருங்கள். படங்களில் பார்த்த மாந்தோன் அங்கே நிற்கும். குடும்பப் படத்தை இங்கேயே எடுத்துவிடுங்கள். சாப்லெத் கடற்கரையிலிருந்தும் எடுக்கலாம், அங்கே முன்னால் மணலும் நீரும் கிடைக்கும்.

படி 5: படியேறுவது

சாப்லெத் பக்கத்துச் சாலையிலிருந்து அகலமான படிக்கட்டு ஒன்று மடங்கி மடங்கித் தேவாலயத்துக்கு ஏறுகிறது. படிகள் தாழ்வானவை, நடுநடுவே நிற்க இடம் உண்டு. முட்டி வலிக்காரர்கள் கூட மெதுவாக ஏறிவிடலாம். முடியாதென்றால் வற்புறுத்த வேண்டாம். சந்தைக்குப் பக்கத்துச் சதுக்கத்தில் வெயில் விழும் நாற்காலியில் தாத்தா பாட்டியை ஒரு காபியோடு உட்காரவைத்துவிட்டுப் போகலாம். அவர்கள் ஒன்றும் பெரிதாக இழந்துவிடமாட்டார்கள்.

மேலே போனால் புனித மிக்கேல் தேவாலயம். 1619இல் அடிக்கல் நாட்டியது. அதன் முற்றத்தின் தரையைக் குனிந்து பாருங்கள்: கறுப்பு, வெள்ளைக் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக நட்டு, மொனாக்கோவை ஆண்ட கிரிமால்டி குடும்பத்தின் சின்னத்தை வரைந்திருக்கிறார்கள். 1950 முதல் கோடையில் இதே முற்றத்தில் இசை விழா நடக்கிறது, அப்போது இங்கே நாற்காலி போட்டு டிக்கெட் வைத்துவிடுவார்கள். குளிர்காலத்தில் முழு முற்றமும் உங்கள் பிள்ளைகள் ஓடியாட.

அங்கிருந்து குறுகிய சந்துகள் மேலே போகின்றன. தலைக்கு மேல் வளைவுகள், பக்கத்தில் பச்சை மரச்சன்னல்கள், சன்னலுக்கு வெளியே காயும் துணி. மக்கள் குடியிருக்கும் தெரு. பிள்ளைகளைக் கத்தாமல் வரச் சொல்லுங்கள். எந்தச் சந்தில் நுழைந்தாலும் பரவாயில்லை, ஏறிக்கொண்டே இருந்தால் பழைய கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில் போய் நிற்பீர்கள்.

விடுமுறையில் யாராவது கல்லறைக்குப் போவார்களா என்று வீட்டில் கேட்பார்கள். இங்கே போகவேண்டும். ஊரின் உச்சியில், இடிந்த கோட்டை நின்ற இடத்தில் இருப்பதால் இரண்டு பக்கக் கடலும் இத்தாலிக் கரையும் தெரியும். அதைவிட, இந்த ஊரின் கதை முழுக்க இந்தக் கற்களில்தான் இருக்கிறது. ரஷ்ய, ஆங்கில, ஜெர்மன் பெயர்கள். பலர் இருபதுகளைத் தாண்டாதவர்கள். வெயில் காசநோயைக் குணமாக்கும் என்று நம்பி வந்து திரும்பாமல் போனவர்கள். வில்லியம் வெப் எல்லிஸின் கல்லறையும் இங்கே உண்டு, அவர் இறந்தது 1872இல். பள்ளியில் கால்பந்து விளையாடும்போது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி ரக்பி ஆட்டத்தைத் தொடங்கிவைத்தவர் என்று சொல்லப்படுபவர். அந்தக் கதை உண்மையா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தேகம். ரக்பி ரசிகர்களுக்கு அந்தக் கவலை இல்லை, உலகின் எல்லா மூலையிலிருந்தும் வந்து பந்தும் கொடியும் வைத்துவிட்டுப் போகிறார்கள். ரக்பி உலகக் கோப்பைக்கே இவர் பெயர்தான்.

படி 6: மதியச் சாப்பாடு

இதில் பிரெஞ்சுக்காரர்கள் கறார். 12 மணிக்குத் திறப்பார்கள், இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். இரண்டரைக்குப் பசியோடு போய் நின்றால் ஐஸ்கிரீம்தான் கிடைக்கும். பன்னிரண்டேகாலுக்கு உட்கார்ந்துவிடுவது குழந்தைகளுக்கும் நல்லது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பக்கம் பிரான்ஸின் மற்ற பகுதிகளைவிடத் தேவலாம். சோக்கா என்பது கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு கலந்து, பெரிய தாம்பாளத்தில் ஊற்றி விறகடுப்பில் சுடுவது. மேலே மிளகு தூவித் தருவார்கள். முட்டை கிடையாது, பால் கிடையாது. பார்பாஜுவான் என்பது கீரையும் பாலாடைக்கட்டியும் உள்ளே வைத்துப் பொரித்த சோமாசி. இரண்டும் சந்தையிலேயே கிடைக்கும். வெங்காயத்தை வதக்கிப் பரப்பிய பிஸ்ஸலாதியேரிலும் தக்காளி போட்ட பிஷாத்திலும் நெத்திலி வகை மீன் சேர்ப்பார்கள், பார்வைக்கு மீன் தெரியாமல் அரைத்தும் கலந்திருப்பார்கள். வாங்கும் முன் "ஸான் ஆன்ஷ்வா?" என்று கேளுங்கள், நெத்திலி இல்லாததா என்று அர்த்தம். உணவகத்தில் "யூன் கராஃப் தோ" என்றால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும். வெறும் தண்ணீர் என்று கேட்டால் பாட்டில் வந்து பில்லில் ஏறும்.

இனிப்புக்கு எலுமிச்சை டார்ட். அல்லது ஊர்ப் பெயரோடு விற்கும் ஃபுகாஸ், அதாவது ஆரஞ்சுப் பூத் தண்ணீரும் பாதாமும் சோம்பும் போட்ட ரொட்டி.

படி 7: பிற்பகல், ஒன்றே ஒன்று

இரண்டு மணியிலிருந்து நாலரை வரைதான் நேரம். டிசம்பரில் ஐந்துக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும், மலை மறைப்பதால் தெருக்களில் அதற்கும் முன்பே குளிர ஆரம்பிக்கும். மூன்று இடங்கள் சொல்கிறேன், ஒன்றை மட்டும் எடுங்கள்.

சின்னப் பிள்ளைகள் என்றால் சாப்லெத் கடற்கரை போதும். கல் எறிவார்கள், கோட்டை கட்டுவார்கள். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம்.

செடி கொடிகளில் ஆசையிருந்தால், ஊரின் கிழக்குக் கோடியில் கராவான் பகுதியில் வால் ராமே தாவரத் தோட்டம். பாரிஸின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. வெப்பமண்டலச் செடிகள் திறந்தவெளியில் வளர்கின்றன, வாழையும் உண்டு. ஈஸ்டர் தீவில் காட்டு நிலையிலிருந்து அழிந்துவிட்ட டோரோமிரோ மரத்தையும் இங்கே காப்பாற்றி வளர்க்கிறார்கள். மதிய இடைவேளைக்கு மூடுவதுண்டு, நேரத்தைப் பார்த்துப் போங்கள்.

பத்து வயதைத் தாண்டிய, நடக்கச் சலிக்காத பிள்ளைகள் என்றால் கராவானிலிருந்து கடலோரமாகவே எல்லையைக் கடந்து இத்தாலிக்குள் காலை வையுங்கள். எல்லையைத் தாண்டிய உடனே பால்ஸி ரோஸி என்ற செம்பாறைக் குகைகள். புதைக்கப்பட்ட ஆதிமனிதர்களின் எலும்புகள் கிடைத்த இடம், பக்கத்திலேயே 1898இல் தொடங்கிய அருங்காட்சியகம். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு நடந்தே போனோம் என்று பள்ளியில் போய்ச் சொல்ல அவர்களுக்கு ஒரு கதை.

படி 8: திரும்புவது

பிற்பகலைக் கராவான் பக்கம் கழித்தவர்கள் மாந்தோன் பெரிய நிலையம் வரை திரும்பி நடக்கவேண்டாம். மாந்தோன் கராவான் என்று தனி நிலையம் இருக்கிறது. எல்லா ரயிலும் அங்கே நிற்காது, செயலியில் அந்த நிலையத்தின் பெயரையே போட்டுத் தேடுங்கள். இத்தாலியிலிருந்து வரும் ரயில் என்பதால் போலீஸ் சோதனை பெரும்பாலும் இங்கேதான் நடக்கும், சில சமயம் பத்து நிமிடம் தாமதமாகும். இரவு வேறு ரயிலோ விமானமோ பிடிக்கவேண்டியவர்கள் அதற்கும் இடம் விட்டுக் கணக்குப் போடுங்கள். மொனாக்கோவில் வேலை முடித்துத் திரும்புகிறவர்கள் ஐந்தரையிலிருந்து ஏழு வரை ரயிலை நிரப்பிவிடுவார்கள். ஐந்து மணிக்கு முன் ஏறினால் பிள்ளைகள் உட்கார்ந்து தூங்கலாம்.

பகலில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டால் நகராட்சிக் கட்டடத்துக்குப் போங்கள். அங்கே திருமணம் பதியும் கூடத்தின் சுவரையும் கூரையையும் கொக்தோ 1957-58இல் முழுக்கத் தீட்டியிருக்கிறார். மீனவன், உள்ளூர்த் தொப்பி அணிந்த மாந்தோன் பெண் என்று உள்ளூர்க் காட்சிகளும் உண்டு. அலுவலக நாட்களில் மட்டும் திறந்திருக்கும், கல்யாணம் நடந்துகொண்டிருந்தால் காத்திருக்கவேண்டும். அதையும் பார்த்து மழை விடாவிட்டால், அடுத்த ரயிலைப் பிடித்து நீஸுக்கே திரும்பிவிடுங்கள்.